முத்தையாவுக்கு வந்த நன்றிகள்

பிளேன் டீ கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, விரல்களைக் கொஞ்சம் சூடாக்கிய பிறகுதான் கீபோர்டைத் தொடுவேன். இலங்கை மலையகத்தில், எங்கள் கொட்டகலையில், மழைக் காலத்தில் விரல்கள் அப்படி விறைத்துப் போகும். ஆனால் அன்று டீ ஆறிய பிறகும் கீபோர்டைத் தொடத் தயங்கினேன்...

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. கணித ஆசிரியர் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். பழைய எழுத்துருவில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த வினாத்தாள்கள் எல்லாம் இன்றைய போனில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதத் தொடங்கினேன்.

எனக்குச் சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. இணையத்தில் புரோகிராமர்கள் கூடும் ஒரு தளம்தான் துணை. கேள்வி போட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது பதில் எழுதுவார்கள்.

சிக்கல், சேர்ந்த அன்றே தொடங்கிவிட்டது.

படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் மு. சண்முகம். முதல் கட்டத்தில் 'மு' என்று மட்டும் போட்டேன். ஒற்றை எழுத்து போதாது என்று சிவப்பில் காட்டியது. எனவே இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். முத்தையா சண்முகம். பள்ளிப் பதிவேட்டிலும் அந்த வரிசைதானே?

மறுநாள் பதில் வந்தது. "வணக்கம் முத்தையா, நல்ல கேள்வி."

திடுக்கிட்டுப் போனேன். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

மாற்றலாம் என்று பார்த்தால், பெயரை ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதான். அதைவிட மோசமாக, விதிகள் பக்கத்தில் ஒரு வரி: வேறொருவர் பெயரில் இயங்கும் கணக்கு மூடப்படும். அதைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. புரோகிராம் பாதியில் நிற்கிறது. கணக்கை மூடிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? சொல்லாமல் இருந்தால் ஏமாற்று. சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா இங்கிலீஷ்ல கேள்வி கேக்குறாரா? இருந்திருந்தா வெத்தலைய துப்பிட்டுல்ல சிரிச்சிருப்பாரு!"

"விளையாடாத சரோ. கணக்க மூடிட்டா?"

"மூடுனா மூடட்டும். என்னா, வீட்டுக்கு வந்து ஒங்கள புடிச்சிட்டா போகப் போறாங்க? வாத்தியாரா இருந்துகிட்டு இப்புடி பயப்படுறீங்க..."

நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிழைகளை அறிவிக்க அந்தத் தளத்தில் தனிப் பகுதி உண்டு. முறையாக எழுத வேண்டும். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது.

எதிர்பார்த்தது: என்னை என் பெயரால் அழைப்பீர்கள்.
நடந்தது: என் தந்தையை அழைக்கிறீர்கள்.

எழுதிப் பார்த்தபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். கீழே ஒரு யோசனையும் சேர்த்தேன்: இரண்டு கட்டங்களுக்குப் பதில், 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரே கட்டம் வைத்தால் என்ன? அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மழை விட்டதும் திறந்தேன். தள நிர்வாகியின் பதில்: "இது பிழை அல்ல. பயனர் பெயரைத் தவறாக நிரப்பியிருக்கிறார்." மேலே சாம்பல் நிறத்தில்: மூடப்பட்டது.

மூடப்பட்டது அறிக்கை மட்டும்தான், கணக்கு இல்லை. அது புரியவே எனக்கு நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை. போனில் 'டிங்' என்று கேட்டாலே அதைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல, அப்பா சொல்லிக் கேட்டதுதான். தேயிலைத் தோட்டத்தில் காலையில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. பனியும் காற்றுமாக இருக்கும் நாட்களில் பெயர் காதில் விழாமல் போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம்.

"பேரு கூப்புடுற வரைக்கும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணும்டா" என்பார்.

கடைசியில் சரோஜாதான் போனை எடுத்து என் கையில் திணித்தாள். "இந்தாங்க, மாமாவுக்கு கடுதாசி வந்திருக்கு. சும்மா பாருங்க."

என் அறிக்கையின் கீழே இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். "எனக்கு இருப்பதே ஒரு பெயர்தான். உங்கள் படிவத்துக்காக அதையே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இவர் நிரப்பியது தவறில்லை. கேட்ட விதம்தான் தவறு." அதன் கீழே இன்னும் பலர், ஆளுக்கொரு பெயர்ச் சிக்கலோடு. 'மூடப்பட்டது' என்ற சொல்லைக் காணோம்.

சில மாதங்கள் கழித்து ஒரே கட்டம் வந்தது. 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என் வாசகம் அப்படியே! சண்முகம் என்று தட்டினேன். ஏற்றுக்கொண்டது.

இப்போது எல்லாம் ஒழுங்கு. புரோகிராமும் முடிந்து, வினாத்தாள்கள் போனில் தெளிவாகத் தெரிகின்றன. புதிதாகப் பதில் எழுதுபவர்கள் "ஹலோ சண்முகம்" என்கிறார்கள். எனக்குப் பயமும் குறைந்திருக்கிறது... கொஞ்சம்.

ஆனால் என் அறிக்கையின் கீழும் பழைய பக்கங்களிலும் மற்றவர்கள் தங்கள் கையால் எழுதிய பெயர் மட்டும் மாறவில்லை. "முத்தையா, நீங்கள் சொன்னது சரி." "மிக்க நன்றி, முத்தையா." எங்கள் அப்பா எத்தனையோ காலைகள் அந்தக் களத்தில் நின்று தன் பெயரைக் கேட்டவர். அந்தப் பெயரோடு நன்றி என்ற சொல்லை அங்கே யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

பெயர் மாற்றம் பழைய பதில்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் ஒரு பிழைதான். முறைப்படி அதையும் நான் அறிவித்திருக்க வேண்டும்.

இன்னும் அறிவிக்கவில்லை.