மச்சானுக்காகத் துளைத்த பந்து

வளைகுடாவில் நான் ஒன்பது வருடம் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. நீளப் பாதையில் பந்தை உருட்டிவிட்டுக் குச்சிகளைச் சாய்க்கும் பவுலிங் கூடம் ஒன்றின் கடையில், பந்துகளில் விரல் துளை போடுகிறவன். “துளை போடவா பிளேன் ஏறிப் போனே?” என்று முதலில் சிரித்தவர் என் மனைவியின் அண்ணன். அவரும் வளைகுடாவில் அதே நகரத்தில்தான் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு நாள்கூட எங்கள் கூடத்துப் படி ஏறியதில்லை.

நான் திரும்பி வந்து வடசேரியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்த அடுத்த வருடம், அதாவது 2012இல், அவரும் வந்தார். நாகர்கோவிலில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு பவுலிங் பாதைகள் போட்டார். ஆறே மாதத்தில் நிபுணராகிவிட்டார். பாதையில் எண்ணெய் தடவ வேண்டும் என்று நான் சொன்னபோது, “தேங்காண்ண போதுமா மாப்ளே?” என்று கேட்டவர் அவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிறகு இன்டர்நெட்டில் படிக்கத் தொடங்கினார். அறியாமையை நான் எப்படியும் சகித்திருப்பேன். படித்த பிறகு வந்ததைத்தான் சகிக்க முடியவில்லை. கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில்கூட, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துளை போடாத புதுப் பந்து ஒன்றையும் மடித்த காகிதம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

“மாப்ளே, இதுதான் லேஅவுட்டு. வெளிநாட்டுச் சேம்பியன் ஒருத்தருக்க பந்துல உள்ள அதே அளவு. இதப் போட்டா பந்து தானா வளையும்.”

“மச்சான், அது அவருக்க கைக்கு உள்ள அளவு. நீங்க பத்துத் தடவ எறியுங்க. உங்க அச்சு எங்க விழுதுன்னு பாத்துட்டுப் போடலாம்.”

“எனக்க கையில என்னத்தப் பாக்கதுக்கு? ஒனக்கு டிரில் பிடிக்கத்தான் தெரியும். லேஅவுட்டு வேற சயன்ஸு, கேட்டியா.”

அந்த சயன்ஸ் இவ்வளவுதான். பந்துக்குள்ளே கனமான ஒரு கரு இருக்கிறது. அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்ட, பந்தின் மேல் சின்னதாக ஒரு வண்ணப் புள்ளி உண்டு. பந்து கையை விட்டுப் போகும்போது ஏதோ ஓர் அச்சில் சுழலும். அந்த அச்சு ஆளுக்கு ஆள் வேறு. அச்சுக்கும் புள்ளிக்கும் நடுவே மூன்று மூன்றரை அங்குலம் இருந்தால் பந்து உருளும்போது நன்றாகத் தள்ளாடும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது இடம் பாதையில் படும், பிடித்துக்கொண்டு வளையும். புள்ளி அச்சின் மேலேயே விழுந்தால் தள்ளாட்டமே இருக்காது. துளைகளை எங்கே போடுகிறோம் என்பதுதான் இந்தத் தூரத்தைத் தீர்மானிக்கிறது. எறிகிறவனின் அச்சு தெரியாமல் லேஅவுட் போடுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் துளைக்கும் மற்ற விரல் துளைகளுக்கும் இடையேயான தூரத்தையும் அந்தச் சேம்பியனிடமிருந்தே எடுத்திருந்தார். சேம்பியனுக்கு நீளமான விரல்கள் போலிருக்கிறது. மச்சானுக்குக் கட்டையான குட்டை விரல்கள். அரை அங்குலம் கூடுதல். அப்படிப்பட்ட பந்தை எறிந்தால் கட்டைவிரல் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடம் அதைத்தானே சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்படியே போடணுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒரு நூல் மாறப்பிடாது.”

ஒரு நூல்கூட மாறாமல் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் துளைத்த பந்து வேறு இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழெட்டு நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எறிந்தார். டப்பா மூடியைத் திருகுவது போல அவருடைய கை பந்தின் தலைக்கு மேலே சுற்றியது. அப்படி எறிகிறவரின் அச்சு மேலே ஏறிவிடும். சேம்பியனின் லேஅவுட்டில் புள்ளி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மச்சானின் அச்சு போய் உட்கார்ந்தது. பந்து ரயில் மாதிரி நேராகப் போனது. திரும்பி வந்த பந்தில், தனித்தனியாக விரிய வேண்டிய எண்ணெய் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கோடாக இருந்தன.

“நீ துளைய மாத்திப் போட்டுட்டே,” என்றார் எல்லார் முன்னாலும்.

அவர் விடாமல் இரண்டு மணி நேரம் எறிந்தார். பிடி எட்டாததால் ஒவ்வொரு எறிக்கும் பந்தைக் கட்டைவிரலால் இறுக்கினார். எனக்கு அதைப் பார்க்கச் சுகமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்றாம் நாள் அந்த விரல் வீங்கி, தோசையைப் பிட்டுத் தின்ன முடியாமல் ஆனது. நரம்பு இழுத்துக்கொண்டது, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

“தெரிஞ்சிட்டேதான் செஞ்சியளா?”

“அவருதான் ஒரு நூல் மாறப்பிடாதுன்னாரு.”

“அத நான் கேக்கல்ல.”

இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கிருந்த இளக்காரம் அப்போதும் குறையவில்லை. என் மேலும் கொஞ்சம் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

விரல் சரியான பிறகு நானே கேட்டு அந்தப் பந்தை வாங்கினேன். அவரைப் பழைய பந்தால் பத்துத் தடவை எறியவைத்து, எண்ணெய்க் கோட்டைப் பிடித்து அச்சைக் குறித்தேன். விரல்களை அளந்தேன். பழைய துளைகளை ரெசின் ஊற்றி அடைத்து, புதிதாகப் போட்டேன். பந்து வளைந்தது. பெரிதாக இல்லை, அந்தக் கைக்கு அவ்வளவுதான் வளையும். ஆனாலும் கடைசியில் ஒரு சாண் தூரம் திரும்பி நடுக்குச்சியைத் தட்டியது.

மச்சான் குதித்தார். களியக்காவிளையிலிருந்து வந்திருந்த இரண்டு பேரிடம் அங்கேயே சொன்னார்: “சேம்பியனுக்க லேஅவுட்டுதான். நான் கொஞ்சம் மாத்திக் கொடுத்தேன். நம்ம மாப்ள சும்மா துளச்சாரு.”

அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவருடைய கட்டைவிரல் இன்றைக்கும் மடக்கும்போது சொடக்கென்று ஒரு சத்தம் போடும். வயசாகிறது என்று சொல்லிக்கொள்வார். நான் திருத்துவதில்லை.