இரண்டு கையெழுத்தும் ஒரு பாண் அலுமாரியும்

தேர்தல் காலத்தில் சமாதானம் கேட்டு வாசல் வாசலாகப் போகிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. வெயிலும் நாய்களும் தாராளமாகக் கிடைக்கும். கடதாசியும் கையுமாக அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் மூத்தாப்பா சொன்ன ராஜா கதைகளில் தூது போனவனை யாரும் வெட்டுவதில்லை. அந்தத் தைரியத்தில், யுத்தம் முடிந்தபின் வந்த ஒரு பிரதேச சபைத் தேர்தலில், ஊர்ச் சமாதானக் குழுவுக்கு நானும் பெயர் கொடுத்தேன்.

என் வேலை ஒரே தாளில் இரண்டு கையெழுத்து வாங்குவது. எங்கள் ஆட்கள் அடிக்கமாட்டார்கள், உடைக்கமாட்டார்கள், மீறினால் நாங்களே பொலிஸில் ஒப்படைப்போம் என்று அதில் எழுதியிருந்தது. தேத்தண்ணிக் கேத்தல் சின்னத்து நிஸ்தார் ஹாஜியாரும் குடைச் சின்னத்து அன்டன் முதலாளியும் போடவேண்டும். இருவருக்கும் கண்டக்குழிக் கரையில் கரைவலை உண்டு.

கண்ணாடி இல்லாத அலுமாரி

இரண்டு கட்சிக் காரியாலயங்களுக்கும் நடுவில், சந்தியில், ரவூப் நானாவின் தேத்தண்ணிக் கடை. மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து, கல்லுக் கல்லாகக் கட்டிய கடை அது. போன தேர்தலில் யாரோ அதன் முகப்பை உடைத்துவிட்டார்கள். யார் என்று இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டியது.

இந்த முறை அவர் முன்கூட்டியே, பாணும் வடையும் அடுக்கும் பாண் அலுமாரியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பழைய வலைத் துண்டை ஆணி அடித்திருந்தார். ஈக்கள் வழி கண்டுபிடித்திருந்தன. ஒரு கையெழுத்தாவது சீக்கிரம் வாங்கிவிடுவேன் என்று ஆறுதல் சொன்னேன். அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் வந்தா கண்ணாடி போடுறன், தம்பி. ஒண்டு வந்தா அரைக் கண்ணாடி போட ஏலாதே."

நீலப் பேனை

அன்டன் முதலாளி தாளை இரண்டு தரம் வாசித்தார், தலையாட்டினார், என் பேனையை வாங்கி முதல் எழுத்தையும் போட்டுவிட்டார். அப்போதுதான் பக்கத்தில் நின்றவர் மை நீலம் என்று கண்டுபிடித்தார். கேத்தல்காரரின் சுவரொட்டி முழுக்க நீலம். பேனை மேசைக்குத் திரும்பியது. நான் ஓடிப்போய்க் கறுப்புப் பேனை இரண்டு வாங்கி, தாளிலும் இரண்டு பிரதி புதிதாக எடுத்துக்கொண்டு வந்தபோது மனம் மாறியிருந்தது. முதலில் போட்டால் பயந்துவிட்டான் என்பார்களாம், ஹாஜியார் போடட்டுமாம்.

ஹாஜியாரிடம் போனேன். என் குரல் சின்னது. ஏதோ ரகசியம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மரியாதையான மனிதர். "அன்டன் போடட்டும் மகன், அதுக்குப் பொறகு நான் மூணு எடத்துல போட்டுத் தாரன்."

தெற்குக் கயிறு

கரைவலையைக் கரையில் நின்று இரண்டு கயிற்றில் இழுப்பார்கள். அந்த வாரம் அன்டன் முதலாளியின் வலையை இழுத்தவர்கள் தாமாகவே பிரிந்து, வடக்குக் கயிற்றில் குடையும் தெற்குக் கயிற்றில் கேத்தலுமாக நின்றார்கள். வலை பாதி வந்தபோது வாய்த்தர்க்கம் முற்றி, தெற்கில் நின்றவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு மறுபக்கத்துக்குப் பாய்ந்தார்கள். நானும் ஓடினேன். "வேணாம், வேணாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அடுத்து வலை போடும் முறை, கரையில் காத்து நின்ற ஹாஜியாருடையது. இந்த வலை ஏறாமல் அவர் வலை இறங்காது. அவர் வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டி, விட்ட கயிற்றைத் தானே பிடித்தார். அதைப் பார்த்து அவருடைய ஆட்கள் வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள். அன்டன் முதலாளியும் வந்து அவருக்குப் பின்னால் பிடித்தார்.

வலை ஏறியதும் இருவரும் மணலில் குந்தி, சிவந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் அரைக் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். ஹாஜியார் சிரித்துவிட்டார். ஆளுக்கொரு தாளும் ஆளுக்கொரு கறுப்புப் பேனையும் கொடுத்தேன். ஒரே நேரத்தில் போட்டு, தாளை மாற்றி மறுபடி போட்டார்கள். முதலாவது யாருமில்லை. இழுவைக்குத் தலைவரான மண்டாடியார்தான் பொறுமை இழந்தார்: "கையெழுத்தப் பொறகு ரசிக்கலாம். மீன அள்ளுங்க, வெயில் ஏறுது."

சந்தி

பிரசாரத்தின் கடைசி நாள் காலையில் ரவூப் நானா கண்ணாடியை மாட்டினார். அன்று பின்னேரமே இரண்டு ஊர்வலமும் சந்தியில் முட்டிக்கொண்டன. கூட்டம் நெருக்கி நெருக்கிக் கடைப்பக்கம் சாய்ந்தது. ஹாஜியாரும் அன்டன் முதலாளியும் வாகனங்களிலிருந்து இறங்கி வந்து, அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்று, ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அனுப்பினார்கள். ஒரு கல்கூட எழவில்லை. கூட்டம் கலைந்தபோது அலுமாரியின் பின்கதவு திறந்து கிடந்தது. ரவூப் நானா குனிந்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி தப்பிச்சிட்டு, தம்பி. வடை ஒண்டும் தப்பல்ல."

அந்தத் தேர்தலில் யார் வென்றது என்று கேட்பவர்களுக்கு நான் இன்றைக்கும் அந்த அலுமாரியைத்தான் காட்டுகிறேன்.