மதினிக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

தென்காசியில் என் வீட்டிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். விருந்துக்குப் போன இடத்தில் நாசூக்காக விடைபெறுவது எப்படி என்று ஒரு பாடமே உண்டு.

சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் குளிக்க, புளியங்குடியிலிருந்து என் கணவரின் அக்கா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவார். போன வருடம் பன்னிரண்டு நாள் தங்கினார். வகுப்பு நடக்கும் அறையில்தான் அவருடைய ஈரச்சேலை காயும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, பெங்களூருல சம்பந்தி வீட்டுக்குப் போணும். அவுக இங்கிலீசுதான் பேசுதாக. கெளம்பும்போது சொல்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்குடேன்" என்றார்.

"ஐ ஹேவ் ஓவர்ஸ்டேட் மை வெல்கம்" என்று சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்குத் தங்கிவிட்டேன் என்று பொருள். "போயிட்டு வாரேன்னு அர்த்தம் மதினி" என்றேன். வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதினி மூன்று நாள் மனப்பாடம் செய்தார். நான் உச்சரிப்பைக்கூடத் திருத்தினேன்.

இந்த வருடம் காலையில் வந்தவர், அருவிக்குப் போய்விட்டு வந்து மத்தியானமே பையைத் தூக்கிவிட்டார்.

"அங்கன அதச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. எம்மவ மட்டும் அழுதா. பொறவு அர்த்தம் சொன்னா" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இங்கனயும் அதச் சொல்லிட்டுத்தான் போணுமாட்டி?"

"இருங்க மதினி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தில் வாயடைத்துவிட்டது என்றுதான் கணவரிடம் சொன்னேன். பொய். இன்றைக்கே கிளம்புகிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.