தேயிலை டின்னில் வந்த ஓணான்கள்

இலங்கையில் சமாதானம் வந்திருந்த காலம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொழும்பில் ஒருவர் நான்கு தேயிலை டின்களை என்னிடம் தந்தார். ஜேர்மனியில் நான் இருந்த பீலெஃபெல்ட் நகரில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த ராசன் அண்ணைக்காம். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கடையில் அண்ணை என் முன்னாலேயே டின்களைத் திறந்தார். துணிப்பைகளுக்குள் மூக்கில் கொம்புள்ள ஓணான்கள். மூன்று செத்திருந்தன. ஒன்று வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது.

"என்ன அண்ணை இது?"

"எங்கட தீவில ஒரேயொரு மலையிலதான் இருக்கு. அழியப்போகுது. அதாலதான் இஞ்ச இவ்வளவு கிராக்கி."

"தெரிஞ்சுகொண்டோ பிடிப்பிச்சனீங்கள்?"

"சத்தம் போடாதையும். கொண்டுவந்தது நீர்தானே?" என்று சிரித்தார்.

உயிரோடிருந்ததைப் பையோடு தூக்கினேன்.

"உமக்கு அகதி விண்ணப்பம் எழுதித் தந்தவன் நான். நன்றி இல்லையோ?"

"இருக்கு. ஆனா இதுக்கு இல்லை."

நேரே பொலிசுக்குப் போய் எங்கள் இருவரின் பெயரையும் சொன்னேன். இருவருக்கும் தண்டனை கிடைத்தது. மிருக வைத்தியர் எவ்வளவோ பார்த்தும் அந்த ஓணான் மறுநாள் செத்துப்போனது.

எங்கள் ஆட்கள் சிலர் இன்றும் என்னோடு கதைப்பதில்லை. ஓர் ஓணானுக்காகத் தமிழனைக் காட்டிக்கொடுத்தவனாம். சொல்லட்டும். அந்த மலையில் நான்கு குறைந்துபோனதற்கு என் கையும் காரணம். அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.