வளைவுக்கு வழி சொன்னவள்

பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டு விலங்குப் படங்களுக்குத் தமிழில் பின்னணி உரை எழுதிப் பேசி வருகிறேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, நகரத்துக்குள் ஒரு குளிர் அறைக்குப் போய், சிறுத்தை மானைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். எந்தச் சிறுத்தை எந்தப் புதருக்குப் பின்னால் பதுங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் எண்ணூர் ஆற்றில், கூழைக்கடாவைத் தவிர வேறொரு பறவையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அந்தப் படங்களில் ஒரு விதி உண்டு. மனிதர் தெரியக் கூடாது. ஒருமுறை யானைக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு ஜீப்பின் பின்பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. அதையும் வெட்டச் சொன்னார்கள். காடு என்றால் ஆளில்லாத இடம் என்று பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமாம். எங்கள் ஊரில் அப்படிப் படமெடுப்பதென்றால் வானத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு புகைபோக்கி வந்து நிற்கும்.

மீஞ்சூரில் ஒரு கல்யாணத்துக்கு மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர்களைப் பார்த்தேன். எண்ணூரைத் தாண்டி ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீரில் பத்துப் பதினைந்து தலைகள். தலைகள் மட்டும். ஒவ்வொருவரும் ஓர் ஓலைக்கூடையை வாயில் கடித்துப் பிடித்திருந்தார்கள். பக்கத்திலேயே கூழைக்கடாக்கள், அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடித்தவர்கள் போல, எதையும் கண்டுகொள்ளாமல் மிதந்தன. மனிதரைக் கண்டால் ஓடும் பறவை இவர்களைக் கண்டு ஏன் ஓடவில்லை? கல்யாணத்தில் பாயசம் சாப்பிடும்போதும் அதே யோசனை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். ஆற்றோரம் அலையாத்திச் செடிகளுக்குப் பின்னால், கரை உள்வாங்கி வளைகிற இடத்தில், என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் தனியாகத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தூரத்தில் ஆழத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த கூடையை எடுத்தாள்.

"இன்னாக்கா, இறால் வோணுமா? பறி இன்னும் ரொம்பல."

பறி என்பது அந்தக் கூடை. இறால் வேண்டாம், பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

"இத்த பார்க்க இன்னா கீது?"

நிறைய இருந்தது. கலங்கிய தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி அளவு உயிரை வெறுங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சேற்றுக்கும் சிப்பிக்கும் இறாலுக்கும் விரல் எப்படி வித்தியாசம் சொல்கிறது? கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சலித்துப்போய், "எறங்கு, எறங்கினாத்தான் தெரியும்" என்றாள். சுடிதாரோடு இறங்கினேன். சேறு முழங்கால்வரை இழுத்தது.

"ஒரு கையி முன்னாடி வெச்சி லேசா பயமுறுத்து. இறாலு முன்னாடி ஓடாது, பின்னாடிதான் எகிறும். பின்னாடி உன் இன்னொரு கையி தயாரா நிக்கணும்."

ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டு சிப்பி, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். அதற்குள் அவள் பறியில் பாதி நிரம்பியிருந்தது. கடைசியில் என் இடது உள்ளங்கையில் ஏதோ சுருண்டு உதறியது. நான் போட்ட கூச்சலில் அது தப்பித்துவிட்டது. அவள் கூடையைக் கடித்தபடியே மூக்கால் சிரித்தாள்.

கூழைக்கடா ஏன் பயப்படவில்லை என்பதற்கும் அவளே பதில் வைத்திருந்தாள். "நின்னுகினா ஆளு. குந்திகினா அதுக்கு நாமளும் தண்ணிப் பட்சிதான்." சோதித்துப் பார்த்தேன். எழுந்து நின்றேன். அருகிலிருந்த பறவை கழுத்தைத் திருப்பி விலகியது. கழுத்தளவு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்தது. இத்தனை வருடம் நான் எழுதிய உரைகளில் இந்த ஒரு விஷயம் இல்லையே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

நான்கைந்து வாரம் தொடர்ந்து போனேன். அவள் மட்டும் ஏன் இந்த வளைவில் தனியாக இருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். கர்ப்பப்பையை எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றாள். ஆழத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நின்றால் அடிவயிறு இழுக்கிறது. இந்த வளைவில் தண்ணீர் இடுப்பளவு, ஓட்டம் இல்லை. ஆற்றின் பல இடங்களில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிட்டாலும் இங்கே சேறு இன்னும் மெத்தென்று இருந்தது. அதனால் இதை விட்டுவைப்பார்கள். பிள்ளை பெற்றவள், ஆபரேஷன் ஆனவள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், இவர்கள் மட்டும் இங்கே தடவலாம். உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் அன்றைக்கு ஓர் இறால்கூடக் கிடைக்காவிட்டாலும் இதில் கை வைக்க மாட்டார்கள்.

"வெளியாளு வந்து எங்க புடிச்சேன்னு கேட்டா?" என்றேன்.

"அக்கரையைக் கை காட்டுவோம். உனக்குத்தான் நிஜத்தைச் சொல்லிகினு கீறேன். நீ இன்னா, இறாலா புடிக்கப் போற?"

அவள் இறால் தடவுவதைப் படமாக எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கேட்டேன். "மூஞ்சி எடுக்காத, கையி எடுத்துக்கோ" என்றாள். செல்போனிலேயே எடுத்தேன். சேற்றுக்குள் போகும் இரண்டு கைகள், பக்கத்தில் பறவை, பின்னால் புகைபோக்கிகள். வேண்டுமென்றே அவற்றை விட்டுவைத்தேன். ஜீப்பை வெட்டியவர்களுக்கு நான் கொடுத்த பதில் அது என்று பெருமை வேறு. ஐந்து நிமிடப் படத்துக்கு நானே உரை எழுதி நானே பேசினேன்.

முதல் வரி எங்கள் தொழிலில் எப்போதும் இடத்தைச் சொல்லும் வரி. எந்தக் கண்டம், எந்தச் சமவெளி, எந்த ஆற்றின் கரை என்று சொல்லாமல் ஒரு விலங்குப் படமும் தொடங்காது. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. "வடசென்னை, எண்ணூர். ரயில் பாலத்தைத் தாண்டி மூன்றாவது வளைவு." அதையே படத்தின் மேல் எழுத்தாகவும் போட்டேன். முகத்தை மறைத்தேன், முகவரியைக் கொடுத்துவிட்டேன். எழுதும்போதும் பேசும்போதும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இணையத்தில் போட்டேன். படம் நன்றாக ஓடியது. என் குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். இது ஏஐயில் செய்ததா இல்லையா என்று இரண்டு பேர் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருவர் இறால் தொக்கு செய்முறை கேட்டார். நிறையப் பேர் வழி கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பினேன். எங்கள் ஊருக்கும் ஆள் வருகிறார்களே என்ற சந்தோஷம்.

பிறகு மூன்று வாரம் ஒரு திமிங்கிலப் படத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பிப் போனபோது செடிகளுக்கு நடுவே பைக் தடம் விழுந்திருந்தது. கரையில் முக்காலி வைத்த கேமராக்கள். ஒரு பெண் அன்றைக்குத்தான் வாங்கியது போன்ற புதுக் கூடையைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் நின்றுகொண்டே இருந்ததால் கூழைக்கடாக்கள் அக்கரைக்குப் போய்விட்டன. வளைவின் குறுக்கே கம்பு நட்டு, கொசுவலை போன்ற சின்னக் கண்ணி வலை ஒன்று கட்டப்பட்டிருந்தது. உள்ளே சேறு உழுதுபோட்ட வயலாகக் கிடந்தது. அவள் அங்கே இல்லை.

ஆழத்திலிருந்து கரையேறிய ஒருத்தியிடம் விசாரித்தேன். "எவனோ வெளியூரு வலக்காரன் வீடியோ பார்த்துட்டு வந்தான். ரெண்டு ராத்திரில குஞ்சு குளுவானோட வாரிகினு பூட்டான். அவ இப்போ காசிமேட்டுல இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போறா." என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

அன்றே படத்தை அழித்தேன். அதற்குள் யார் யாரோ பாட்டுப் போட்டுத் தங்கள் பக்கங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் குரல் அதில் இல்லை. மூன்றாவது வளைவு என்ற எழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனேன். ஷெட்டில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஐஸ் இறாலுக்குத் தலை கிள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ பண்ணைக் குளத்தில் வளர்ந்த இறால். அவள் விரல்கள் குளிரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னைப் பார்த்து அவள் கத்துவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கத்தவில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, குந்து என்றாள்.

தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். படத்தை அழித்துவிட்டேன் என்றேன்.

"உடுக்கா. எனக்கு இன்னும் ரெண்டு மாசத்துல வலி பூடும். நானு ஆழத்துக்கே பூடுவேன்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கையிலிருந்த இறாலை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என் நாத்தனா இப்போ ஏழு மாசம். புள்ள பொறந்தா அவ அந்த வளைவுலதான் தடவறதா இருந்துச்சி. தெனம் கேக்கறா, வளைவு எப்டி கீதுன்னு. நான் நல்லாத்தான் கீதுன்னு சொல்லிகினு கீறேன்." தலையைக் கிள்ளித் தொட்டியில் போட்டாள். "நீ நல்லா பேசுவியே. நீ வந்து அவளாண்ட சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி எழுந்தேன். அது போய் இதோடு ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. இன்னும் நான் போகவில்லை.