கூரைக்காவலன் விழுந்த பக்கம்

அந்தப் படக்கதை அலுவலகத்தில் அவளை எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வரைகிறவர் வரைந்து, வண்ணம் பூசுகிறவர் பூசி முடித்தபின், வாய்க்குமிழிகளுக்குள் பேச்சை எழுதுவது அவள் வேலை. அறைக்குப் 'பளார்', கதவுக்குக் 'கிரீச்', குண்டுக்கு 'டமார்' என்று சத்தங்களை எழுதுவதும் அவள்தான். கணினி வந்து எத்தனையோ பேர் கையைக் கட்டிப்போட்ட பிறகும் சத்தங்களை மட்டும் அவள் மையால்தான் எழுதுவாள். அதைப் படமெடுத்து, பக்கத்தின்மேல் தனியாக ஏற்றுவார்கள். "அக்கா எழுதின 'டமார்' காதை அடைக்கும்" என்பார்கள். வாஸ்தவம்தான்.

அவளிடம் ஒரு விநோதம் உண்டு. மகன் வயதுக்காரனைக்கூட "ஐயா" என்பாள். யாரையும் "தம்பி" என்று வாய் தவறியும் கூப்பிட்டதில்லை. "எங்கள எதுக்குக்கா கிழவனாக்குறீங்க?" என்று கேலி செய்தால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

தம்பி என்று அவளுக்கு ஒருவன் இருந்தான். கால் தரையில் நிற்காத பிள்ளை. ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்குத் தாவினான். தினமும் தாவுகிறவன்தான், அன்று கால் வழுக்கிவிட்டது. அவ்வளவுதான், போய்விட்டான். அம்மா கடைக்குப் போயிருந்தாள், அப்பா வேலையில் இருந்தார். மாடியில் நின்று பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

அப்பா ஒரு வாரப் பத்திரிகையில் சித்திரக்காரர். பல மாதம் பேனாவையே தொடாமல் இருந்தவர், ஒருநாள் உட்கார்ந்து முகமூடி போட்ட ஒருவனை வரைந்தார். கூரைகள்தான் அவனுக்குப் பாதை. திருடனைத் துரத்துவான், தீயில் மாட்டியவர்களைத் தூக்கி வருவான். பெயர் கூரைக்காவலன். முகமூடிக்குக் கீழே தெரிந்த மோவாயும் அதிலிருந்த தழும்பும் தம்பியுடையவை. புயலடித்தாலும் துப்பாக்கி வெடித்தாலும் அவன் விழக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பத்திரிகை ஆசிரியர் ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு மேசையைக் குத்தி, "விழமாட்டான்" என்றாராம்.

பத்திரிகை மூடியது, அப்பாவும் போய்ச்சேர்ந்தார். உரிமைப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று துக்க வீட்டில் யாருக்குத் தோன்றும்? கூரைக்காவலன் பொதுச்சொத்தாகிவிட்டான். கேட்பாரில்லாத வீரன் கிடைத்தால் சும்மாவா விடுவார்கள்? ஆளாளுக்கு எடுத்து வரைந்தார்கள். ஒருவர் அவனை வேறு கிரகத்துக்காரன் ஆக்கினார். இன்னொருவர் றெக்கை ஒட்டினார். கூரை கூரையாகத் தாவுகிறவனுக்கு எதற்கய்யா றெக்கை? வேறொருவர் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, தலை நரைக்க வைத்து, இரண்டு பெண்களுக்குத் தகப்பனும் ஆக்கினார். முகம் பழையது, கதை புதியது; அடுத்து என்ன ஆவான் என்று பார்க்கவே சனங்கள் வாங்கினார்கள்.

எழுத்தக்காவுக்கு ஒவ்வொன்றும் ஆவியைக் கண்டது போலத்தான். கடை வாசலில் தொங்கும் அட்டையில் தம்பியின் மோவாய் தெரிந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அம்மாவோ நேரெதிர். கண்மங்கிய அந்தம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாசம் எங்க சுத்துறான் பாரு" என்பாள், வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல. நரைத்த கூரைக்காவலனின் படம் அவள் தலையணைக்கடியில் இருந்தது.

கடைசியில் எழுத்தக்காவின் அலுவலகமே அவனைக் கையிலெடுத்தது. முதல் இதழின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றைத் தனியே உருவி எடுத்தாள். ஒரு முழுப் பக்கம். கூரைக்காவலன் கூரையிலிருந்து தெருவில் விழுந்து கிடக்கிறான். ஓரத்தில் கதைக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இங்கே விழும் சத்தம். பெரிதாக.'

அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுத்தக்கா கதைக்காரரிடம் போனாள்.

"இது வேண்டாங்கய்யா. அவன் விழமாட்டான்."

"யார் சொன்னாக்கா?"

"அவன மொதல்ல வரைஞ்சவர் விழ விடலய்யா."

"இப்ப அவன் அவருக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. அதானேக்கா எனக்கு அவன்கிட்ட புடிச்சதே," என்றார் கதைக்காரர். முப்பது வயது இருக்கும் அவருக்கு, நல்ல மனிதர். "சின்ன வயசுல பழைய இதழெல்லாம் படிச்சிருக்கேன். விழவே மாட்டான்னு தெரிஞ்சப்புறம் அவனுக்காகப் பயப்படவே முடியலக்கா. ஒரு தடவையாவது பயப்படணும்."

"வேண்டாம் தம்பி," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் நிமிர்வதற்குள் பக்கத்தை வாரிக்கொண்டு தன் மேசைக்கு ஓடிவந்துவிட்டாள்.

எழுதிப் பார்த்தாள். 'தடால்' என்பது பொய். 'டமால்' அண்டப்புளுகு. உண்மையான சத்தம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. சமையலறையில் ஒரு கிண்ணம் நழுவினால் போதும், இன்றைக்கும் வந்துவிடும். அதை எழுதக் கை வரவில்லை. மற்ற சத்தங்களை முடித்து அனுப்பிவிட்டாள். தனித்தனியாக ஏற்றுவதால் ஒன்று குறைந்தது அச்சகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பக்கம் ஊமையாகவே வெளிவந்தது.

இதழைப் பைக்குள் ஒளித்து வீட்டுக்கு வந்தாள். அம்மாவா விடுவாள்?

"உங்க ஆபீஸ்லயே வந்திருக்கானாமே. கடைக்காரர் சொன்னார். எடு வெளிய."

சன்னலோரம் சாயங்கால வெளிச்சத்தில் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கத்தில் கண்ணாடி நின்றது.

"இதுல சத்தம் எழுதலியேடி."

"விட்டுப்போச்சும்மா."

"உனக்கா விட்டுப்போகும்?" அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு அந்தச் சத்தத்த நீ ஒருத்திதான் கேட்ட. உன்கிட்ட கேக்க எனக்குத் தைரியமில்ல, சொல்ல உனக்கு வாயில்ல. உங்கப்பா கேக்காமலே போயிட்டார். அதான் கடைசிவரைக்கும் புள்ளய அந்தரத்துலயே நிறுத்திவச்சிட்டார். எழுது."

"அம்மா, வேண்டாம்மா."

"பெத்தவடி நான். எனக்குத் தெரியணும்."

எழுத்தக்கா பேனாவை எடுத்தாள். பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், 'தொப்' என்று எழுதினாள். ஈரத்துணி மூட்டை விழுந்த அளவுதான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

அம்மா மை காயாத அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். மகளும் அவள் மடியில் விழுந்து அழுதாள். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த படத்தில் அவன் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். அம்மாவின் விரலில் ஒட்டிய மை அவன் தோளில் பதிந்தது.

"எந்திரிக்கிறான் பாருடி. விழ விட்டாத்தானே எந்திரிப்பான்?" என்றாள் அம்மா. "எந்தப் புத்தகத்துலயும் இவன் அம்மாவப் பாக்க வீட்டுக்கே வரல. கதை எழுதுற அந்தப் புள்ளகிட்ட சொல்லு. அடுத்த இதழ்ல வீட்டுக்கு வரச்சொல்லி."

"சொல்றேம்மா," என்றாள் எழுத்தக்கா. "தம்பிகிட்ட சொல்றேன்."