பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி

சேலத்தில் கன்னியர்கள் நடத்தும் இந்த முதியோர் இல்லத்தில் முன்பெல்லாம் மத்தியான மணி அடித்ததும், சிஸ்டர் ஆரோக்கியம் வராந்தாவில் நின்று, "சாமி, சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். பன்னிரண்டு கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பதினொரு பேர் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் ஒருவர் என் வீட்டுக்காரர். வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர் போலச் சிரித்த முகமாக உட்கார்ந்தே இருப்பார். பினாங்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் எல்லோருமே சாமிதான். பல் போன கிழவரும் சாமி, பால் குடிக்கிற குழந்தையும் சாமி. கன்றுக்குட்டியைக்கூட ஒரு அம்மாள் சாமி என்று கொஞ்சியதைக் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து, "சாமி, சித்த நவுந்து உக்காருங்க" என்றபோது எனக்குப் பின்னால் ஏதோ பூசாரி நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் பினாங்கில். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஏழு வருடம் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்ததால் இன்றைக்கும் வெள்ளை அங்கியைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, தவுக்கே என்று நாம் சொல்லும் ஒரு சீன முதலாளியின் அரிசிக் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். யுத்தமெல்லாம் முடிந்து, மகளுக்கும் அங்கேயே கல்யாணம் செய்து வைத்த பிறகு, "இனி நம்ம காட்டைப் போய்ப் பார்க்கலாம்" என்றார். காடு என்றால் இந்தப் பக்கத்தில் விளைநிலம். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. உங்களில் பலர் "ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிக்கொண்டு கப்பலேறுவீர்கள். எனக்கு அது ஊரை விட்டுப் புறப்பட்டதுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் என் வீட்டுக்காரர், காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "அடுத்த ஃபெரி எத்தனை மணிக்குங்க?" என்று, பினாங்கில் அக்கரைக்குப் போக நாம் ஏறும் கப்பலைக் கேட்டாராம். அவர் ஏரை நிறுத்திவிட்டு, "அந்த பஸ் நம்மூருக்கு வர்றதில்லீங்களே" என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஃபெரியைத் தேடி நிஜமாகவே கிளம்ப ஆரம்பித்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. இந்தக் காட்டுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஒருமுறை கிணற்று மேட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு, "தண்ணி கிட்ட வந்துருச்சு, எறங்கலாம்" என்றார். இழுத்துப் பிடித்ததில் என் மணிக்கட்டு முறிந்தது. மூளை தேய்ந்துகொண்டு வருகிறது, இனிமேல் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார். இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். "கட்டுனவனை மடத்துல தள்ளிப்போட்டு வந்துட்டா பினாங்குக்காரி" என்று ஊர் பேசியது. பேசட்டும், அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கும் சுவர் இல்லை.

இனி அவருடைய பெயர் விஷயத்துக்கு வருகிறேன். செங்கோடன் என்பது அவர் பெயர், திருச்செங்கோட்டு மலைச்சாமியின் பெயர். பினாங்கில் அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. தவுக்கே செங்கோ என்பார், மலாய்க்காரப் படகோட்டிகள் செங்கோ என்பார்கள், கட்டிக்கொண்ட மறு மாதத்திலிருந்து நானும் செங்கோ என்றேன். எங்கள் வீடு மாடியில், கிட்டங்கி எதிர்ச்சாரியில். மத்தியானம் ஜன்னலைத் திறந்து, ரிக்‌ஷாக்களுக்கும் கைவண்டிகளுக்கும் மேலாக, "செங்கோ! மாக்கான்!" என்று ஒரு கத்துக் கத்துவேன். மாக்கான் என்றால் மலாய்க்காரர் பேச்சில் சாப்பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சாப்பிடப் போகிறார் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அதே வாயோடு வெண்ணந்தூர்ப் பக்கத்து வீட்டில் வந்து இறங்கினேன். இரண்டாம் நாள், வாசல் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, வெந்நீர் ஆறுகிறதே என்று, "செங்கோ! குளிக்க வாங்க!" என்று கூப்பிட்டேன். அவருடைய அக்கா பாவாயம்மாளின் கையிலிருந்த மோர்ச் சொம்பு கீழே விழுந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கோழிகள்கூட மேய்வதை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம்.

"ஏனம்மிணி, கட்டுனவன் பேரச் சொல்லியா கூப்புடறது? அவன் ஆயுசு கொறஞ்சு போகுமாக்கும்!" என்றார் பாவாயக்கா.

"இருபத்தஞ்சு வருசமா கூப்பிட்டுட்டுத்தானே இருக்கேன்? மனுசர் கல்லாட்டம் இருக்காரே!" என்றேன்.

அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம் தனியாக, "இங்க இருக்கற வரைக்கும் அந்தப் பேரு வேண்டாம்" என்றார். சரியென்றேன். எல்லாப் பெண்களையும் போல ஏனுங்க என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். வாக்காளர் பட்டியல் எழுத வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டபோது நான் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லி எழுதிக்கொண்டு போனார். பாவாயக்காவுக்குப் பரம திருப்தி. கன்னியாஸ்திரீகளிடம் ஆங்கிலப் பாட்டுப் படித்தவள் இப்படி ஆகிவிட்டேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இல்லத்தில் சேர்த்த மூன்றாம் மாதம் அவர் சாப்பிடுவது நின்றுபோயிற்று. பசி இல்லாமல் இல்லை. தட்டை முன்னால் கொண்டுபோய் வைத்தால், "வேண்டாமுங்க, கூப்புட்டாத்தானுங்க உக்காரோணும்" என்று பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார். ஊட்டிவிடப் போனால் உதட்டை மூடிக்கொண்டு புன்னகை செய்வார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "என்னை இன்னும் ஆரும் கூப்புடலீங்களே." இந்தப் பக்கத்தில் அழைக்காத பந்தியில் யாரும் போய் உட்கார மாட்டார்கள், பசித்துச் செத்தாலும் உட்கார மாட்டார்கள். அந்தப் பழக்கம் மட்டும் அவருக்குள் அப்படியே நின்றிருந்தது. நாங்களும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தோம். மரியாதை போதவில்லையோ என்று நினைத்து மேலும் மேலும் மரியாதை கொடுத்தோம். சிஸ்டர் ஆரோக்கியம் ஐயா என்றார், பெரியவரே என்றார், கடைசியில் கைகூப்பியே அழைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் கவுண்டரே என்றார். நான் ஏனுங்க என்றேன். அவர் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அவ்வப்போது குடித்த மோரைத் தவிர வேறொன்றும் இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கில் குழாய் விட்டுத்தான் கஞ்சி ஊற்ற வேண்டும் என்றார். செய்தி போனதும் பாவாயக்கா கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டார். "கொழாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந்தம்பியை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்கூட இருக்கட்டும்" என்று ஞாயிறு காலையிலேயே பையோடு என்னுடன் பஸ் ஏறினார். எனக்கு அந்தக் கிணறுதான் கண்ணில் நின்றது. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் எப்படி இழுத்துப் பிடிப்பார்?

அன்று பஸ்ஸில் சேலம் வரை நின்றுகொண்டே வந்தேன், காலையில் ஒன்றும் சாப்பிடவும் இல்லை. மணி அடித்தது. பதினொரு பேர் போனார்கள். பாவாயக்கா தம்பி முன்னால் குனிந்து, "வா சாமி, ஒரு வாய் உண்ணுட்டு ஊட்டுக்குப் போலாம்" என்றார். அவர் கைகூப்பி, "நீங்க முன்னால போயி உக்காருங்க. என்னைக் கூப்புட்டாப் பொறவு வாரேனுங்க" என்றார். கூடப் பிறந்தவள் என்று தெரியவில்லை. அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. யோசிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச்சாரிக் கிட்டங்கிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"செங்கோ! மாக்கான்!"

கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றது. சிஸ்டர் ஆரோக்கியம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. மேலே, ஓட்டுக் கூரைப் பக்கம், ஒரு மாடி ஜன்னல் இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்தார். "வந்துட்டேன் வந்துட்டேன், கத்தாத!" என்று அதட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு உருண்டை களி, குழம்பு, மோர். முடித்துவிட்டு, "கருவாடு இல்லீங்களா?" என்று வேறு கேட்டார்.

திரும்பிப் பார்த்தால் பாவாயக்கா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இந்தக் கத்துக் கத்துனா எமனே திரும்பி ஓடியே போயிருவானாக்கும். ஆயுசு எங்கம்மிணி கொறையறது!" என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு என் மனுஷன் வயிறாரச் சாப்பிட்டிருந்தார்.

வெறும் பையோடு அக்கா என்னுடன் திரும்பினார். அவர் தாலி இறக்கிப் பதினெட்டு வருடம். பஸ்ஸில் திடீரென்று, "ஏனம்மிணி, போயிச் சேந்தவரு பேரச் சொன்னா ஒண்ணும் தப்பில்லையே?" என்றார். "இனி என்னக்கா இருக்குது கொறையறதுக்கு?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி, கடலைக்காட்டைப் பார்த்து, "நாச்சிமுத்து" என்றார். சொல்லிவிட்டுக் கல்யாணப் பெண் மாதிரி முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் போனதும், யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தரம் சொன்னார்.

எனக்குப் பட்டதைச் சிஸ்டர் ஆரோக்கியத்திடம் சொன்னேன். இந்தக் கிழவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அம்மாவும் அப்பாவும் கூட்டாளிகளும் போய்விட்டார்கள். மிச்சமுள்ள நாம் எல்லோரும் மரியாதைக்காரர்கள். சிஸ்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மறு வாரமே மற்றக் கிழவர்களின் சொந்தக்காரர்களுக்குக் கார்டு போட ஆரம்பித்துவிட்டார், சின்ன வயதில் இவரை வீட்டில் என்ன சொல்லி அழைப்பீர்கள் என்று. ஓமலூரிலிருந்து ஒரு பதில், மேச்சேரியிலிருந்து ஒரு பதில். ஆட்டு வியாபாரம் செய்த மேச்சேரிக்காரருக்கு அம்மா வைத்த பெயர் மொட்டையனாம். அதைக் கேட்டதும் மூன்று மாதமாகப் பேசாமல் இருந்த மனிதர், "ஆருடா அவன்?" என்று எழுந்து வந்தார். இப்போது மத்தியானத்தில் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலப் பன்னிரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். பார்க்க வந்த ஒரு மருமகன், "பெரியவங்களை இப்படியா கூப்புடுவாங்க?" என்று முகம் சுளித்தார். பன்னிரண்டு பெயரும் முடிவதற்குள் களி ஆறிவிடுகிறது. சாப்பிடுகிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

நோய் நிற்கவில்லை. இப்போது நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வாரம் மூன்று நாள் போகிறேன். "அம்மிணி, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒரு நாள் பினாங்கு என்பேன், ஒரு நாள் வெண்ணந்தூர் என்பேன். இரண்டுமே நல்ல ஊர் என்று ஒப்புக்கொள்வார். முதல் தடவை கேட்டபோது குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவரே என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "எம் பொண்டாட்டி பினாங்குல இருக்கறாளுங்க. நெம்பக் கத்துவா. ஆனா அவ கூப்புட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்." அன்றிலிருந்து நான் அழுவதில்லை. மணி அடித்ததும் வராந்தாக் கோடிக்குப் போய், அவர் கண்ணில் படாமல் நின்றுகொண்டு அவளாகக் கத்துவேன். அவர் எழுந்து கூடத்துக்குப் போனதும், இந்தப் பக்கத்து அம்மிணியாகத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

வரும் வழியில் ஆட்டையாம்பட்டியில் பஸ் நிற்கும்போது அவருக்குக் கைமுறுக்கு வாங்கி வருவேன். நேற்று அதைக் கையில் வாங்கி, இரண்டாக உடைத்து, பெரிய பாதியைக் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினார். "நீங்க அந்தப் பக்கம் போனீங்கன்னா அவகிட்டக் குடுத்துருங்க. கப்பல்ல நமுத்துப் போகாமப் பாத்துக்கோணும்."

"சரிங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். போன வாரம் கொடுத்தனுப்பியது கிடைத்ததா என்றும் கேட்டார். கிடைத்தது, ரொம்ப நன்றாக இருந்ததாம் என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏற்காட்டு மலை பின்னால் போனதும் காகிதத்தைப் பிரித்து முறுக்கை ஒரு கடி கடித்தேன். அவர் அனுப்புகிற பொட்டலம் எப்போதும் ஆட்டையாம்பட்டி தாண்டுவதற்குள் பினாங்கு போய்ச் சேர்ந்துவிடும்.